பாதுகாப்பு அமைச்சின் தலைமையும் அதன் சமூக அடித்தளமும்: நிந்தவூர்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் அமைச்சரவைகளது எழுச்சி வீழ்ச்சிகள் பற்றி நம்மிடையே நிறைய எழுதப்பட்டுள்ளன. ஆனால் பாதுகாப்பு அமைச்சின் தலைமை யாரிடம் இருந்தது, யாரிடம் ஒருபோதும் சென்றடையவில்லை, அப்பொறுப்பினை வகித்தோர் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டிருந்தனர் என்ற வினாக்கள் ஒருசேர எழுப்பப்பட்டமை குறைவு எனலாம். இலக்கிய மாணவரான நாம் இவ்விடயத்திற் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். எனினும் ஒரு பதவியின் பெயர் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று, அப்பெயருக்குள் எப்பொருள் புகுத்தப்பட்டது என்பதை ஆராய்வது சொல்லாய்வின் பாற்பட்டதே. மேலும், பாதுகாப்பு என்னும் சொல்லின் பொருள் கொழும்பில் ஒன்றாகவும் காரைதீவுக்கும் அட்டப்பள்ளத்துக்கும் இடையே கடலையும் வயலையும் நம்பி வாழும் நிந்தவூரில் வேறொன்றாகவும் இருந்து வந்திருக்கிறது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

சோல்பரி அரசியல் யாப்பின் 46ஆம் பிரிவு, பாதுகாப்பு வெளிவிவகார அமைச்சினைப் பிரதமரே பொறுப்பேற்க வேண்டும் எனத் திட்டவட்டமாகக் கூறிற்று. ஏனைய அமைச்சுகளைப் பங்கிடும் உரிமை பிரதமருக்கு இருந்தது. இதனைப் பங்கிடும் உரிமை இருக்கவில்லை. இவ்வேற்பாட்டின் வரலாற்றுப் பின்னணி வெளிப்படையானது. ஏகாதிபத்தியம் வெளியேறும்போது திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் கைவிட விரும்பவில்லை. 1947 நவம்பரில் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையின் மறுதரப்பாக நம்பிக்கைக்குரிய ஒரே மனிதர் இருத்தல் அதற்கு வசதியாயிற்று. டி. எஸ். சேனநாயக்க அம்மனிதரானார். அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர் கந்தையா வைத்தியநாதன் ஒரு தமிழர். 1949 ஒக்டோபரில் தோற்றுவிக்கப்பட்ட இராணுவத்தின் முதலிரு தளபதிகளும் பிரித்தானியர். 1955இல் அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையரான அன்ரன் முத்துக்குமாருவும் தமிழரே. இத்தகவல்களைக் கொண்டு அக்காலத்தை இன நல்லிணக்கப் பொற்காலமாகச் சித்திரிப்போர் உளர். ஆங்கிலக் கல்வி பெற்ற உயர்குழாத்தினர் இன வேறுபாடின்றி அரசைப் பகிர்ந்துகொண்டனர் என்பதற்கு மேல் அவை எதனையும் நிறுவவில்லை. சேனநாயக்க பாதுகாப்பு அமைச்சராக இருந்த 1949இலேயே கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று என்பதையும் இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். அம்பாறைக் கரையோர விவசாயியைப் பொறுத்தவரையில் சுதந்திர அரசு முதன்முதலில் வந்தது படையுடனன்று. நீருடனும் குடியேற்றத்துடனும் வந்தது.

அமைச்சின் கையிலிருந்த சட்டக் கருவியோ சுதந்திரத்துக்கு முற்பட்டது. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தை ஒடுக்குமுகமாக அவசரமாக நிறைவேற்றப்பட்ட பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே அது. அச்சட்டத்தில் 'பாதுகாப்பு' எனப்பட்டது அந்நியப் படையெடுப்பிலிருந்து நாட்டைக் காத்தலன்று. தொழிலாளரிடமிருந்து சொத்துடைமையைக் காத்தலே. 1953 ஓகஸ்ட் 12ஆந் திகதி அரிசி விலையேற்றத்திற்கு எதிராக இடதுசாரிகள் நடத்திய ஹர்த்தால் இதனை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுத்திற்று. பிரதமரும் பாதுகாப்பு அமைச்சருமான டட்லி சேனநாயக்க தம் அமைச்சரவையைக் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூட்டினார். ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் தம் நாட்டு மக்களிடமிருந்து பாதுகாப்புத் தேடி அந்நியக் கப்பலில் ஏறிய காட்சி வேறெந்த விளக்கத்தையும் வேண்டி நிற்கவில்லை. இரண்டு மாதங்களில் அவர் பதவி துறந்தார். இதனையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரதமர் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தமையால் பாதுகாப்பு அமைச்சரை அவை கேள்வி கேட்க முடிந்தது. வீதி அவரை வீழ்த்தவும் முடிந்தது.

எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1957இல் இரு தளங்களையும் மீளப் பெற்றமை ஏகாதிபத்திய எதிர்ப்பின் உண்மையான சாதனை. ஆயினும் வெளித்தளங்கள் அகன்றதன் பின்னர் படையின் முகம் உள்நோக்கித் திரும்பியதென்பதும் உண்மை. 1956 யூனில் கல்லோயாவிலும் 1958 மே மாதத்தில் நாடெங்கும் நிகழ்ந்த இன வன்முறைகளின்போது அவர் தயங்கி நின்றார். அவசரகால நிர்வாகம் நடைமுறையில் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்கவின் கைக்குச் சென்றது. சட்டப்படியான தலைமையும் நடைமுறைத் தலைமையும் பிரிந்து நிற்கும் வழமையின் தொடக்கத்தை நாம் இங்குக் காண்கிறோம்.

1960 யூலையில் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அக்காலத்தில் மூதவை உறுப்பினர். எனவே மக்கள் பிரதிநிதிகள் சபையில் பாதுகாப்பு அமைச்சுக்காகப் பதில் கூறியவர் பாராளுமன்றக் காரியதரிசி பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. 1961இன் சத்தியாக்கிரகத்தை ஒடுக்க யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பப்பட்டதும், 1962 சனவரியில் படை, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட சதி முறியடிக்கப்பட்டதும் இக்காலத்திலேயே. சதியிற் சம்பந்தப்பட்டோர் பெரும்பாலும் மேற்குமயமான, கிறிஸ்தவப் பின்னணி கொண்ட உயர்குழாத்தினர். தண்டிக்கப்பட்ட பதினொருவரும் 1965இல் கோமறைக் கழகத்தினால் விடுவிக்கப்பட்டனர். வழக்கு முடிந்தது, அரசு கற்ற பாடம் முடியவில்லை. இதன் பின்னர் படையின் சேர்ப்பு முறை படிப்படியாகச் சிங்கள பௌத்தச் சார்புடையதாக மாறிற்று. அமைச்சின் நிரந்தரச் செயலாளர் என். கியூ. டயஸ் பௌத்த அரசாங்க ஊழியர் இயக்கத்தின் முன்னோடி. வடபகுதியைச் சூழ முகாம்கள் அமைக்கும் எண்ணம் அவரிடம் 1960களின் முற்பகுதியிலேயே இருந்ததென யாழ்ப்பாண அரசாங்க அதிபராக இருந்த நெவில் ஜயவீர பிற்காலத்தில் எழுதியுள்ளார். தமிழ் இளைஞர் எவரும் ஆயுதம் ஏந்தாத காலம் அது.

1971 ஏப்ரில் கிளர்ச்சி பற்றி இங்கு விரித்தெழுத வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான சிங்களக் கிராமிய இளைஞர் கொல்லப்பட்டனர். பாதுகாப்பு அமைச்சராகப் பிரதமர் இருந்தார். அவரது அமைச்சரவையில் இடதுசாரித் தலைவர்களும் இருந்தனர். அரசு இயந்திரத்தின் வர்க்க இயல்பைப் பற்றி நமக்குக் கற்பித்தோர் அவ்வியந்திரம் தம் கண்முன் இயங்கியபோது மௌனித்தனர். அம்மௌனத்தை இடதுசாரி இயக்கம் இன்னும் முற்றாக விசாரித்து முடிக்கவில்லை.

நம் பார்வையில் திருப்புமுனை 1977. முப்பது ஆண்டுகள் ஒன்றாயிருந்த பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அவ்வாண்டிற் பிரிக்கப்பட்டன. வெளிவிவகாரம் அக்குறணையைச் சேர்ந்த ஏ. சி. எஸ். ஹமீதிடம் ஒப்படைக்கப்பட்டது. பாதுகாப்பை ஜே. ஆர். ஜயவர்த்தன தம்மிடம் வைத்துக்கொண்டார். 1978 பெப்ரவரியில் நிறைவேற்று சனாதிபதியானபோது அதனைத் தம்முடனேயே கொண்டுசென்றார். இப்பிரிப்பின் உட்பொருள் ஆழ்ந்த கவனத்துக்குரியது. உலகுக்குக் காட்டும் முகமாக ஒரு முஸ்லிம், படைக்கலம் வேறிடத்தில். பின்னர் 1994இல் லக்ஷ்மன் கதிர்காமரும் 2022இல் அலி சப்ரியும் அதே ஆசனத்தில் அமர்ந்தனர். டபிள்யூ. தஹநாயக்கவின் குறுகிய கால அரசில் இக்கரையோரத்தின் பிரதிநிதியான எம். எம். முஸ்தபா நிதியமைச்சராக இருந்தமையும் உண்டு. ஆக, சிறுபான்மையினர் உயர் அமைச்சுகளுக்கு வரமுடியாதென்பதன்று. நிதி வரலாம், நீதி வரலாம், வெளிவிவகாரம் வரலாம். பாதுகாப்பின் தலைமை எந்தத் தமிழரிடமும் எந்த முஸ்லிமிடமும் வந்ததில்லை. தனிமனிதர் ஒருவரின் பாரபட்சமாக இதனைக் கொள்ளல் தவறு. அரசின் உட்கரு எது, அதன் அலங்காரம் எது என்பதை ஆளும் வர்க்கம் தானே வகுத்துக்காட்டிய எல்லைக்கோடு இது.

சனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். ஆகவே பாதுகாப்பு அமைச்சர் அவையின் கேள்விக்கு அப்பாற்பட்டவரானார். அவருக்காகப் பிரதியமைச்சரோ இராஜாங்க அமைச்சரோ எழுந்து பேசும் முறை நிலைபெற்றது. இதே காலத்தில் செயலாளர் பதவியின் சமூக இயல்பும் மாறிற்று. வைத்தியநாதன் போன்ற நிர்வாக சேவையாளரின் இடத்துக்கு 1977இல் கேணல் சி. ஏ. தர்மபாலவும் 1983இல் ஜெனரல் சேபால ஆட்டிகலவும் வந்தனர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அமைச்சருக்கு ஓர் எழுதுகோலை வழங்கிற்று: சந்தேகம் கொள்வதற்குக் காரணமுண்டென அவர் கருதினாற் போதும், ஒருவரை மும்மாதங்களுக்குத் தடுத்து வைக்கலாம்; 2022ஆம் ஆண்டு வரை அதனைப் பதினெட்டு மாதங்கள் வரை நீடிக்க முடிந்தது. நிந்தவூரிலிருந்தோ நாவற்குழியிலிருந்தோ கொண்டுசெல்லப்பட்ட ஒருவனின் தாய் தேடியலைய வேண்டிய இடம் நீதிமன்றமன்று, அக்கையொப்பத்துக்குரிய அலுவலகமே என்றாயிற்று.

1984 மார்ச்சில் தேசியப் பாதுகாப்பு அமைச்சு என ஒரு புதிய அமைச்சு லலித் அத்துலத்முதலிக்காக உருவாக்கப்பட்டது. பாதுகாப்பு எனும் சொல்லுக்கு முன்னால் 'தேசிய' என்ற அடைமொழி ஏறியதும், தேசியம் யாருடையது என்ற வினா நம் கரையில் எழலாயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டு இஸ்ரேலியப் புலனாய்வு ஆலோசகர்கள் வரவழைக்கப்பட்டனர். நாடெங்கும் முஸ்லிம்கள் எதிர்த்தனர். அன்றைய வெளிவிவகார அமைச்சர் ஒரு முஸ்லிம் என்பது அம்முடிவைத் தடுக்கவில்லை. 1977இன் பிரிப்பு எதற்காகச் செய்யப்பட்டதென்பது ஏழாண்டுகளில் தெளிவாயிற்று.

அடுத்து வந்தது 1985 ஏப்ரில். நிந்தவூருக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவேயுள்ள தமிழ்க் கிராமமான காரைதீவு தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. அரச படைகளின் துணை இருந்ததென்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. இவ்விரு சமூகங்களுக்கிடையில் அதற்கு முன் முரண்பாடே இருந்ததில்லை எனக் கூறுவது வரலாற்றுக்குப் புறம்பானது. வயல்நிலம், நீர்ப்பங்கீடு, சந்தை, அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றில் போட்டி இருந்தது. போடியார் குடும்பங்களின் நலன்கள் மோதிக்கொண்டன. ஆனால் ஒரே வட்டையில் வேளாண்மை செய்து, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி, ஒரே மொழியிற் கவி கட்டிப் பாடிய முல்லைக்காரர் ஒருவரையொருவர் ஆயுதத்துடன் எதிர்கொண்டது அப்போட்டியின் இயல்பான வளர்ச்சியன்று. அரசின் ஆயுதம் இடையிற் புகுந்ததன் விளைவு அது. தமிழ் இயக்கங்கள் முஸ்லிம்களைத் தம் ஆணைக்குட்பட்ட குடிகளாகக் கருதிய குறுந்தேசியம் அப்பிளவை ஆழப்படுத்திற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஊர்காவற்படை என்னும் சொல்லை இங்கு ஆராய்தல் தகும். நெல் முற்றும் காலத்தில் யானையையும் பன்றியையும் விரட்டப் பரண் கட்டி இராக்கண் விழித்தலே இப்பகுதி விவசாயி அறிந்த காவல். 1985ஆம் ஆண்டின் அணிதிரட்டல், துணைப்படைச் சட்டத்தின் கீழ் அக்காவல் பாதுகாப்பு அமைச்சின் கீழான ஊதிய வேலையாயிற்று. சுடுகுழலும் சொற்ப வேதனமும் பெற்று அதிற் சேர்ந்தோர் பெரும்பாலும் தொழிலற்ற இளைஞர். போடியார் வீட்டுப் பிள்ளைகளைத் தேடினாற் கிடைப்பது அரிது. அமைச்சின் தலைமை கிடைக்காத சமூகத்துக்கு அதன் கடைசிப் படிக்கட்டு கிடைத்தது. இப்படையே 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாகப் பெயர் மாற்றம் பெற்றது.

1990 யூன் மாதத்தை இக்கரையோரம் மறக்க இயலாது. அமைச்சின் நடைமுறைத் தலைமை அப்போது இராஜாங்க அமைச்சர் ரஞ்சன் விஜேரத்னவிடம் இருந்தது. யூன் 11ஆந் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப்புலிகள் சூழ்ந்துகொண்டபோது சரணடையுமாறு மேலிடத்திலிருந்து பணிப்புரை வந்தது. கல்முனை உட்படப் பல நிலையங்களிற் சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிசார் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதே நாள்களிற் சமாதானம் பேச யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டவர் ஏ. சி. எஸ். ஹமீத். அவர் திரும்பிய சில நாள்களுக்குள் முழு யுத்தம் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபோது தமிழ்ப் பொதுமக்கள் பெருந்தொகையினர் கொலையுண்டனர். ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்களைப் புலிகள் கொன்றனர்; அடுத்த வாரம் ஏறாவூரில் மீண்டும் அது நிகழ்ந்தது. இரண்டு மாதங்களில் இக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் ஆளுக்கொரு படையை நம்பி வாழவேண்டியவராயினர். முஸ்லிம் கிராமங்கள் கூடுதல் ஊர்காவலரைக் கேட்டன; அமைச்சு மகிழ்ச்சியுடன் வழங்கிற்று. கேட்டவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அச்சத்தில் இருப்பவன் தனக்கு வேலியாக எது கிடைத்தாலும் பற்றிக்கொள்வான். ஆனால் அவ்வேலியின் அடுத்த பக்கத்தில் காரைதீவும் அட்டப்பள்ளமும் இருந்தன.

சந்திரிகா குமாரதுங்கவின் காலத்தைச் சுருக்கமாகவே கடக்கலாம். பிரதியமைச்சர் அனுருத்த ரத்வத்த சனாதிபதியின் மாமன். 1995 டிசெம்பரில் யாழ்ப்பாணம் கைப்பற்றப்பட்டபின் ஜெனரல் பதவிக்கு உயர்த்தப்பட்டார். 1996இல் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டனர்; 2000இல் ஆனையிறவு வீழ்ந்தது. இத்தோல்விகளுக்காகப் பாதுகாப்பு அமைச்சர் பதவி துறக்கவில்லை. அயல்நாடான இந்தியாவில் 1962இன் சீன யுத்தத் தோல்வியையடுத்துப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ணமேனன் விலக நேர்ந்தது. அங்கு அவர் பிரதமர் அல்லர் என்பதே வேறுபாடு. நேருவால் ஓர் அமைச்சரை இழக்க முடிந்தது. இங்கோ அமைச்சரை விலக்குவதெனில் அரசின் தலைமையையே விலக்க வேண்டும். 2001 டிசெம்பரில் திலக் மாரப்பன பாதுகாப்பு அமைச்சரானமையே அரசின் தலைவர் அல்லாத ஒருவர் அப்பொறுப்பை ஏற்ற விதிவிலக்கு. 2003 நவம்பரில் சனாதிபதி அதனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

2005க்குப் பின்னர் அமைச்சர் பின்னணிக்குச் சென்று செயலாளர் முன்னணிக்கு வந்தார். மஹிந்த ராஜபக்ஷ அமைச்சர். தம்பி கோட்டாபய ராஜபக்ஷ செயலாளர். செயலாளர் என்பவர் தேர்ந்தெடுக்கப்படாதவர், பாராளுமன்றத்தில் அமராதவர். 2009இல் யுத்தம் முடிந்தது. அமைச்சு சுருங்குமென எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை அதன் கீழ்க் கொண்டுவரப்பட்டு, கொழும்பின் சேரிவாழ் மக்களை அகற்றும் பணிக்குப் படை பயன்பட்டது. கல்லோயாவில் நிலமும் படையும் இரு வேறு திணைக்களங்களின் பொறுப்பு. 2010இல் அவை ஒரே அலுவலகத்திற் சந்தித்தன. அதன் எதிரொலி நம் பகுதியிலும் கேட்டது. ஒலுவில் அஷ்ரப் நகரில் 2011இல் இராணுவ முகாம் அமைந்தபோது ஏழைக் குடும்பங்கள் நிலமிழந்தன.

2019 ஏப்ரில் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியாவிலிருந்து முற்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சரான சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அன்று சிங்கப்பூரில் இருந்தார். செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ நான்கு நாள்களின் பின் பதவி விலகினார். 26ஆந் திகதி இரவு சாய்ந்தமருதில் நிகழ்ந்த குண்டுவெடிப்பிலும் மோதலிலும் குழந்தைகள் உட்படப் 15 பேர் இறந்தனர். அதன் பின்னர் இக்கரையோர வீடுகளில் குர்ஆன் பிரதிகளும் அரபு எழுத்துப் பொறித்த தாள்களும் சான்றுப்பொருள்களாக எடுத்துச் செல்லப்படுமோ என மக்கள் அஞ்சிய மாதங்கள் தொடர்ந்தன. 2023 சனவரி 12ஆந் திகதி உயர் நீதிமன்றம், மக்களின் அடிப்படை உரிமையைக் காக்கத் தவறியமைக்காகச் சிறிசேன 10 கோடி ரூபாவும் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஒருவர் தம் கடமைத் தவறுக்காகத் தனிப்பட்ட முறையில் இவ்வாறு பொறுப்பாக்கப்பட்டமை நாம் அறிந்தவரை இதுவே முதன்முறை. 1947இலிருந்து 75 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அத்தீர்ப்புக்கு முன்னரே அமைச்சு வேறொரு துறைக்குள்ளும் கால் வைத்திருந்தது. 2020 யூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்யவென ஒரு சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் பழமையை ஆராய நியமிக்கப்பட்ட அச்செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கல்வெட்டும் மட்பாண்டமும் படைத்துறை விவகாரமாவது வரலாற்று மாணவருக்கு நகைப்பைத் தரலாம். பொத்துவிலிலும் தீகவாபியைச் சூழ்ந்தும் வயல் வைத்திருப்போருக்கு அது நகைப்புக்குரியதாக இருக்கவில்லை. தம் உறுதிகளை எவ்வலுவலகத்தில் காட்டுவது என்பதே அவர்களுடைய கவலை.

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியானார். பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே சென்றது. 1971இல் இவ்வமைச்சின் படைகளால் வேட்டையாடப்பட்ட கட்சியின் தலைவர் அதே அமைச்சின் தலைவரானமை வரலாற்றின் விநோதமான திருப்பம். ஆனால் பிரதியமைச்சராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரும் செயலாளராக ஓய்வுபெற்ற எயார் வைஸ் மார்ஷல் ஒருவரும் நியமிக்கப்பட்டனர். 1977இல் தொடங்கிய வழமை முறியவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக அவருடைய அணி தேர்தலில் வாக்களித்திருந்தது. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டுத்தாளை ஒட்டியமைக்காக 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் கைதானார். அச்சட்டத்தின் கீழ் அவருக்கான தடுப்பாணையிற் பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையிற் சனாதிபதி கையொப்பமிட்டார். ஏப்ரில் தொடக்கத்தில் இளைஞர் நிபந்தனைகளுடன் விடுவிக்கப்பட்டார்.